உடற்கல்வி மாணவரின் தொடர்பாடல் திறனை எங்கே நின்று அளப்பது?

ஒட்டுசுட்டானைச் சேர்ந்த, உடற்கல்விப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் தங்கை ஒருவர் தமது ஆய்வு குறித்துச் சில கேள்விகளை அனுப்பியிருக்கிறார். பல்கலைக்கழக உடற்கல்வி மாணவரின் தொடர்பாடல் திறனை அளப்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விடயம். துருக்கியில் உருவாக்கப்பட்ட, 45 கூற்றுகளைக் கொண்ட வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்கி இருநூறு மாணவரிடம் கொடுத்து, ஆண் பெண், கல்வியாண்டு, குழு விளையாட்டு, தனி விளையாட்டு என்று பிரித்துச் சராசரிகளை ஒப்பிட்டால் போதுமா என்றும், அந்த வினாக்கொத்து வன்னி மாணவருக்குப் பொருந்துமா என்றும் கேட்கிறார். வன்னிப் பாடசாலைகளுக்குக் கற்பித்தற் பயிற்சிக்காக வரும் உடற்கல்வி மாணவரை நெடுங்காலமாக மைதானத்தில் நின்று மேற்பார்வை செய்து வருபவன் என்ற முறையில், இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

போதாது என்பதே என் பதில். அந்த வினாக்கொத்தில் குறை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது அளப்பது ஒன்று, உங்கள் தலைப்பு சொல்வது இன்னொன்று. ஒரு மாணவர் தம்முடைய தொடர்பாடலைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை வினாக்கொத்து காட்டும். அவர் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சொன்னது அந்த முப்பது பேரிடமும் போய்ச் சேர்ந்ததா என்பதை அதனால் காட்ட முடியாது. உடற்கல்வி ஆசிரியராக வரப்போகிறவரின் திறன் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அளவீட்டின் நடுப்பகுதி மைதானத்தில் நடக்க வேண்டும். வினாக்கொத்து அதற்குத் துணையாக நிற்கலாம்.

நீங்கள் குறிப்பிடும் கருவி 1998 இல் எர்சன்லி, பால்ஜி ஆகியோர் உருவாக்கிய தொடர்பாடல் திறன் வினாக்கொத்தாக இருக்க வேண்டும். அறிவு, உணர்வு, நடத்தை என்ற மூன்று பிரிவுகளும் ஐந்து படி விடைகளும் கொண்ட அதில், மொத்தப் புள்ளி 45 இலிருந்து 225 வரை அமையும். துருக்கியில் உடற்கல்வி மாணவர் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் இது பயன்பட்டிருக்கிறது. இதே வகையில் அமெரிக்காவில் ரூபின், மார்ட்டின் இருவரும் 1994 இல் வெளியிட்ட ஆளிடைத் தொடர்பாடல் அளவுகோலில் 30 கூற்றுகள் உள்ளன. தன்னை வெளிப்படுத்தல், ஒத்துணர்வு, தயக்கமின்மை, உறுதியுடன் பேசுதல், உரையாடலை நெறிப்படுத்தல் என்றவாறு பத்துக் கூறுகளை அது தொடுகிறது. ஜேம்ஸ் மக்குரோஸ்கி, லிண்டா மக்குரோஸ்கி ஆகியோர் 1988 இல் தந்த 12 கூற்று அளவுகோல் இன்னும் எளிமையானது. அந்நியர், அறிமுகமானவர், நண்பர் ஆகிய மூவகையினருடன் தனியாகவும், சிறு குழுவிலும், கூட்டத்திலும், மேடையிலும் பேசுவதில் தமக்கு எவ்வளவு தகைமை இருக்கிறது என்று 0 முதல் 100 வரை மாணவரே புள்ளி இட்டுக்கொள்வார். இதில் கவனிக்க வேண்டியது, இந்த அளவுகோலைத் தந்தவர்களே தாம் அளப்பது தகைமையை அல்ல, தகைமை பற்றிய ஒருவரின் எண்ணத்தையே என்று வெளிப்படையாக எழுதிவைத்ததுதான். பிற்பாடு அதைக் கையிலெடுத்த பலர் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணத்துக்கும் நடப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதற்கு எங்கள் துறையிலேயே சான்று இருக்கிறது. ஸ்மித், ஸ்மோல், ஹண்ட் ஆகியோர் 1977 இல் பயிற்றுநர் நடத்தையைக் களத்தில் நின்று குறித்தெடுக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். பிள்ளை நன்றாகச் செய்தபோது பாராட்டுவது, பிழைவிட்டபோது ஊக்கம் தருவது, பிழையைத் திருத்திக் காட்டுவது, ஏசுவது, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவது என்று 12 வகைகளாகப் பயிற்றுநரின் ஒவ்வொரு செயலும் அதில் பதியப்படும். சிறுவர் பேஸ்போல் அணிகளில் அதைப் பயன்படுத்தி, பயிற்றுநர் தம்மைப் பற்றிச் சொன்னதையும், பிள்ளைகள் பயிற்றுநரைப் பற்றிச் சொன்னதையும், அவதானிகள் எழுதிவைத்ததையும் ஒப்பிட்டார்கள். தண்டிக்கும் நடத்தை தவிர, மற்றவற்றில் பயிற்றுநரின் சொந்தக் கணிப்பு அவதானிப்புடன் ஒத்துப்போகவில்லை. பிள்ளைகளின் கணிப்பே உண்மைக்குக் கிட்ட நின்றது. பிள்ளைகளை எப்போதும் பாராட்டுவதாக உளமார நம்புகிற ஒருவர், ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையைக்கூடப் பெயர் சொல்லிப் பாராட்டாமல் போவதை நானும் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. தம் குரலைத் தாமே வெளியில் நின்று கேட்க ஒருவராலும் முடிவதில்லை.

உடற்கல்வியில் தொடர்பாடல் என்பது வகுப்பறைப் பேச்சு வெளியில் நடப்பது மட்டுமல்ல. சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வன்னியின் திறந்த மைதானம் ஒன்றில் காலைப் பாடம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. வெயில் கிழக்கிலிருந்து அடிக்கிறது. ஆசிரியர் மைதானத்தின் மேற்குப் பக்கம் நின்றால், பிள்ளைகள் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து அவரைக் கண்கூசாமல் பார்க்கலாம். காற்றும் அவர் குரலைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகும். அதே பாடம் மாலையில் நடந்தால் இரண்டும் முரண்படுகின்றன. பிள்ளைகளின் கண்ணில் வெயில் படக்கூடாது என்று கிழக்கே போய் நின்றால், குரல் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். அப்போது நல்ல ஆசிரியர் பிள்ளைகளைக் கிட்டக் கூப்பிட்டு, அரைவட்டமாக இருத்தி, சொல்வதைச் சொல்லிவிட்டு, பிறகு இடத்துக்கு அனுப்புவார். பயிற்சிக்கு வரும் மாணவர் பலர் தாம் வந்து நின்ற இடத்திலேயே நின்று, குரலை மேலும் மேலும் உயர்த்துவார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசையைப் பார்த்துச் செய்வார்கள். முன்வரிசை பிழைவிட்டால் வகுப்பு முழுவதும் பிழைவிடும். எங்கே நிற்பது, எப்போது விசில் ஊதுவது, செய்துகாட்டும்போது எந்தப் பக்கத்தைக் காட்டுவது, செய்கையும் சொல்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பவையெல்லாம் இந்தத் துறையில் தொடர்பாடலேதான். 45 கூற்றுகளில் ஒன்றுகூட இவற்றைக் கேட்பதில்லை.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். மருத்துவக் கல்வியில் 1975 இல் ஹார்டனும் அவருடன் சேர்ந்தவர்களும் அறிமுகப்படுத்திய நிலையத் தேர்வு முறை உங்களுக்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு மாணவரும் ஒரே பணிகளை, ஒரே கால அளவில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவருவார். ஒவ்வொரு நிலையத்திலும் முன்கூட்டியே எழுதப்பட்ட அளவுகோல் இருக்கும். அதை மைதானத்துக்கு ஏற்ப மாற்றினால் மூன்று நிலையங்கள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, விதி மாற்றிய விளையாட்டு. ஏழாம் தரப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கிளித்தட்டு தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதல் நாளே விளையாட வைத்துவிடுங்கள். பல்கலைக்கழக மாணவரிடம் இரண்டு விதிகளை மாற்றிய தாள் ஒன்றைக் கொடுத்து, அதைப் பிள்ளைகளுக்கு விளக்கி விளையாட்டைத் தொடங்கிவைக்க ஆறு நிமிடம் கொடுங்கள். உதாரணமாக, கிளி (மறிக்கும் அணியில் எல்லாக் கோடுகளிலும் ஓடித் தொடக்கூடியவர்) இம்முறை நடுக்கோட்டில் ஓடக்கூடாது, வெளிக்கோடுகளில் மட்டுமே ஓடலாம் என்பது ஒரு மாற்றம். தொட்டவுடன் பக்கம் மாறாமல், தொடப்பட்டவர் மட்டும் முதற்பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பது மற்றது. இதன் பயன் எளிமையில் இருக்கிறது. விளக்கம் சரியாகப் போய்ச் சேராவிட்டால் பிள்ளைகளின் கால்கள் தாமாகவே பழைய விதிக்குத் திரும்பிவிடும். கிளி நடுக்கோட்டில் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையையும் எண்ணலாம். விளக்கம் தொடங்கியதிலிருந்து விளையாட்டுத் தொடங்கும்வரை போன நேரத்தை நிறுத்தற்கடிகாரத்தில் எடுக்கலாம். விளையாட்டின் நடுவே “சேர், இப்ப என்ன செய்யிறது?” என்று எத்தனை பிள்ளைகள் வந்து கேட்டார்கள் என்று குறிக்கலாம். முடிந்ததும் மூன்று பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டு, புது விதியைத் தங்கள் வாயால் சொல்லச் சொல்லலாம். இந்த நான்கு எண்களில் எதுவும் மாணவர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையோ, அவதானிக்கு அவரைப் பிடித்ததா என்பதையோ சார்ந்ததல்ல. ஒரே பிள்ளைகள் திரும்பத் திரும்ப விளையாடினால் புது விதியையும் பழகிவிடுவார்கள் என்பதால், வேறுவேறு குழுக்களும், கடினத்தில் ஒத்த விதிமாற்றங்கள் பலவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இதில் ஒரு முன்னோடிப் பரீட்சை கட்டாயம் தேவை.

இரண்டாவது, கேட்கும் திறன். பயிற்சிக்கு வரும் மாணவரிடம் நான் காணும் பெரிய குறை பேச்சில் இல்லை, கேட்பதில்தான் இருக்கிறது. பெண் பிள்ளை ஒருத்தி ஓடமாட்டேன் என்று மரத்தடியில் நிற்கிறாள். காரணம் கேட்டால் “வயித்துக்குத்து” என்கிறாள். சோம்பல் என்று எண்ணி அவளை ஏசுகிறவரும் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி உரக்க விசாரிக்கிறவரும் உண்டு. ஒரு சொல்லும் அதிகம் பேசாமல், புள்ளி குறிக்கும் வேலையைக் கொடுத்து இருத்திவிட்டுப் பிறகு பெண் ஆசிரியரிடம் சொல்கிறவரும் உண்டு. இந்த நிலையத்தில் உண்மையான பிள்ளையைப் பயன்படுத்தக்கூடாது. பயிற்சி பெற்ற இளம் நடிகை அல்லது சக மாணவி ஒருவர் அந்தப் பாத்திரத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடிக்கலாம். இங்கே மதிப்பிட ஸ்பிட்ஸ்பேர்க் உருவாக்கிய உரையாடல் திறன் மதிப்பீட்டு அளவுகோல் உதவும். கவனம் செலுத்துதல், நிதானம், வெளிப்பாடு, உரையாடலை ஒருங்கிணைத்தல் என்ற நான்கு பகுதிகளில் 25 சிறு நடத்தைகளை அது பார்க்கிறது. இவற்றோடு உரையாடலை முழுமையாக மதிப்பிடும் ஐந்து கூற்றுகளும் உண்டு. அதில் உள்ள எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் குறுக்கே பேசுதல், கேள்வி கேட்டல், பேசும் வேகம் போன்ற கூறுகள் அப்படியே பயன்படும்.

மூன்றாவது, கபடியில் எல்லைக்கோட்டை மிதித்தது பற்றி இரண்டு அணித் தலைவர்கள் சண்டைக்கு நிற்பது போன்ற ஒரு தகராறு. தீர்ப்பு சரியா பிழையா என்பதை விட்டுவிடுங்கள். இரு பக்கமும் பேச விட்டாரா, தீர்ப்பைக் காரணத்தோடு சொன்னாரா, விளையாட்டு எவ்வளவு நேரத்தில் மீண்டும் தொடங்கியது என்பவற்றைப் பாருங்கள்.

அவதானிகள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் அந்தப் பாடசாலையிலேயே உடற்கல்வி கற்பிப்பவராக இருந்தால் நல்லது. மாணவரின் வினாக்கொத்துப் புள்ளி இருவருக்கும் தெரியக்கூடாது. வீடியோ எடுத்து வைத்துப் பிறகு மதிப்பிடுவது மைதானத்தில் நின்று எழுதுவதைவிட நிதானமானது. ஆனால் காற்றின் இரைச்சலில் குரல் பதிவாகாது என்பதால் மாணவரின் உடுப்பில் சிறு மைக் ஒன்றைப் பொருத்துங்கள். பேச்சையும் செய்கையையும் சேர்த்துக் குறியிட விரும்பினால், ஃபிளாண்டர்ஸின் பத்து வகை வகுப்பறை அவதானிப்பு முறையை உடற்கல்விக்காக 1972 இல் செஃபர்ஸ் விரிவாக்கியதைப் பார்க்கலாம். ஃபிளாண்டர்ஸ் பேச்சை மட்டும் மூன்று விநாடிக்கு ஒருமுறை பதிந்தார். செஃபர்ஸ் ஒவ்வொரு வகைக்கும் பேசாமல் நடக்கும் வடிவத்தையும் சேர்த்தார். ஆனால் அதைப் பழகவே நீண்ட காலம் எடுக்கும். இளநிலை ஆய்வுக்கு அது கட்டாயமில்லை.

இரு அவதானிகள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை நூற்றுவீதத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள். நூறு சம்பவங்களில் இருவரும் தனித்தனியே தொண்ணூறை ‘ஆம்’ என்று குறித்திருக்கிறார்கள் என்றும், அவற்றில் 85 இல் இருவரும் ‘ஆம்’, 5 இல் இருவரும் ‘இல்லை’, மீதி 10 இல் வேறுபட்டார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போனது 90 வீதம் என்று பார்த்தால் அழகாக இருக்கும். ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே அளவில் ‘ஆம்’ போட்டிருந்தாலே 82 வீதம் தற்செயலாக ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா இங்கே 0.44 தான் வரும். அவதானிகளுக்கு இன்னும் பயிற்சி தேவை என்று அந்த எண் சொல்கிறது. 90 வீதம் அதை மறைத்துவிடும்.

இப்போது வினாக்கொத்து வன்னிக்குப் பொருந்துமா என்ற கேள்வி. மொழிபெயர்ப்பதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மூல மொழிக்குக் கொண்டுவர, இரண்டையும் ஒப்பிடும் முறையை பிரிஸ்லின் 1970 இல் விளக்கினார். அது சொற்கள் மாறாமல் காக்கும். கூற்று இங்கே வேறொன்றை அளக்கத் தொடங்குவதை அது தடுக்காது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவேன் என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவில் வளர்ந்த பிள்ளை அதிபருக்கு முன்னால் பார்வையைச் சற்றுத் தாழ்த்தி நின்றால், அதற்குப் பெயர் மரியாதை. உடன்படாத இடத்தில் வெளிப்படையாக மறுத்துப் பேசுவேன் என்ற கூற்றுக்கு அவர் குறைந்த புள்ளி இடுவது, தம் ஆசிரியரிடம் அப்படிப் பேசுவது முறையல்ல என்று பழகியதால் இருக்கலாம். அதே மாணவர் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் தெளிவாகவும் உறுதியாகவும் பேசக்கூடும். ஆகவே ஒவ்வொரு கூற்றிலும் யாருடன் பேசுவது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: பிள்ளைகளுடன், சக மாணவருடன், விரிவுரையாளருடன், பெற்றோருடன் என்று. பொதுவாக ‘மற்றவர்களுடன்’ என்று கேட்டால், ஒருவர் தம்பியை நினைத்தும் இன்னொருவர் அதிபரை நினைத்தும் விடை எழுதுவார்கள். அந்த இரண்டு விடைகளையும் கூட்டிச் சராசரி எடுப்பதில் பொருளில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தன்னை வெளிப்படுத்தல் பற்றிய கூற்றுகள். இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் வன்னி மாணவர் பலர் 2009 இல் சிறு பிள்ளைகள். இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்து, பின்னர் மீள்குடியேறிய குடும்பங்களில் வளர்ந்தவர்கள். வீட்டில் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பதை அவர்கள் பெரியவர்களைப் பார்த்தே கற்றார்கள். அப்படிப்பட்ட ஒருவர், என் உள்ளத்து உணர்வுகளைப் பிறரிடம் தயங்காமல் சொல்வேன் என்ற கூற்றுக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்தால், அதைத் திறன் குறைவு என்று புள்ளியிடுவதை என் மனம் ஏற்காது. தன் இழப்பைத் தெரியாதவருக்குச் சொல்லாமல் காப்பது அவருடைய உரிமை. அத்தகைய கூற்றுகளைத் தனியாக எடுத்து வைத்து ஆராயுங்கள். மொத்தப் புள்ளியில் சேர்க்காதீர்கள். எந்தக் கூற்றை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதை அறிய, வினாக்கொத்தை அச்சிடுவதற்கு முன்னர் பத்துப் பேரையாவது தனித்தனியே இருத்தி, ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லி, “இதை வாசிக்கேக்க யாரை நினைச்சனீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்புச் சரிபார்ப்பில் தெரியாதது இங்கே தெரியும்.

மொழி பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படித்த வன்னி மாணவர் உடற்கல்விப் பட்டத்துக்காகப் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, விடுதியிலும் மைதானத்திலும் பெரும்பாலும் சிங்களத்தில் பழகி, பின் தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்க வருவார். அவருடைய தொடர்பாடல் திறன் எது? மூன்று மொழியிலும் மூன்று வேறு அளவுகள் இருக்கலாம். மக்குரோஸ்கி, ஃபேயர், ரிச்மண்ட் ஆகியோர் 1985 இல் போர்ட்டோ ரிக்கோ மாணவரிடம் பார்த்தபோது, ஸ்பானிய மொழியில் பேச அச்சம் குறைவாக இருந்த அதே மாணவருக்கு ஆங்கிலத்தில் பேசுவதில் அச்சம் மிக உயர்ந்திருந்தது. ஆங்கில விளக்கவுரையில் தடுமாறும் ஒரு மாணவி, கிளித்தட்டு விதியை இரண்டு நிமிடத்தில் பிள்ளைகளுக்கு விளங்கவைத்துவிடக்கூடும். எந்த மொழியில் என்று குறிப்பிடாத அளவீடு அவருக்கு அநீதி செய்யும். என் பரிந்துரை, மைதான நிலையங்களைத் தமிழில் வைத்து, வினாக்கொத்தில் மட்டும் மொழிவாரியாகக் கேட்பது.

அச்சம் என்று சொன்னதால், மக்குரோஸ்கியின் 24 கூற்றுத் தொடர்பாடல் அச்ச அளவுகோலையும் சேர்த்துக்கொள்ளலாம். குழு, கூட்டம், இருவர் உரையாடல், மேடை என்ற நான்கு சூழல்களுக்கும் ஆறு ஆறாகக் கூற்றுகள் உண்டு. மொத்தம் 24 இலிருந்து 120 வரை வரும். 80 க்கு மேல் உயர்ந்த அச்சம் என்று கொள்வது வழக்கம். அந்த எல்லை அமெரிக்க மாணவரின் பரம்பலிலிருந்து வந்தது என்பதால், உங்கள் மாதிரிக்கு அதை அப்படியே போட வேண்டாம். அச்சம் உள்ளவருக்குத் திறன் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. கை நடுங்க நடுங்க மிகத் தெளிவாக விளக்கும் மாணவரை உங்கள் மூன்று நிலையங்கள் கண்டுபிடிக்கும். அவருக்குத் தேவையான உதவி, துணிச்சலோடு குழப்பமாக விளக்குகிறவருக்குத் தேவையானதிலிருந்து முற்றிலும் வேறானது.

ஒப்பீடுகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து மாறிகளை மூன்று பிரிவுப் புள்ளிகளோடு ஒப்பிட்டால் பதினைந்து சோதனைகள் ஆகின்றன. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும், 0.05 மட்டத்தில் (ஒவ்வொரு சோதனையும் தற்செயலால் ஏமாற்றும் வாய்ப்பு 5 வீதம்), அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஏதாவது ஒன்று ‘பொருளுண்மை உடையது’ என்று வெறும் தற்செயலால் தோன்றும் வாய்ப்பு 54 வீதம். ஆகவே இரண்டு அல்லது மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து, அவற்றை மட்டும் சோதியுங்கள். வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழு விளையாட்டு வீரரின் சராசரி சற்றுக் கூடியிருந்தால், விளையாட்டு அவரைப் பேச வைத்ததா, பேச விரும்புகிறவர் குழு விளையாட்டுக்குப் போனாரா என்பதை ஒரே தடவை கொடுத்த வினாக்கொத்தால் பிரித்தறிய முடியாது. முதலாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே நாளில் அளந்துவிட்டுத் திறன் வளர்ந்தது என்று எழுதவும் முடியாது. அவர்கள் வேறு வேறு ஆட்கள். உடற்கல்வி மாணவரைப் பிறதுறை மாணவரோடு ஒப்பிட விரும்பினால், 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல்நகரும் கிட்டத்தில் உள்ளன. ஆனால் அங்கே வினாக்கொத்தை மட்டுமே ஒப்பிடலாம். கிளித்தட்டு நிலையத்தைப் பொறியியல் மாணவருக்கு வைப்பது நியாயமாகாது.

நம்பகத்தன்மைக்கு, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் அல்பாவைக் கணித்து, 0.70 க்கு மேல் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எங்கள் ஆய்வுகளில் வழமையாகிவிட்டது. 45 கூற்றுகள் இருந்தால், கூற்றுகளுக்கிடையிலான தொடர்பு மெல்லியதாக இருந்தாலும் அல்பா உயர்ந்துவிடும். அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்ற தகுதிக்கு அது சான்றாகாது. உங்களிடம் மைதான எண்கள் இருப்பதால் நல்ல சான்று கையிலேயே இருக்கிறது: வினாக்கொத்துப் புள்ளிக்கும், விதியைச் சரியாகத் திருப்பிச் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் இடையிலான இணைபுக் குணகம், அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து உயர்ந்து தாழ்கின்றன என்று காட்டும் எண். அது சிறியதாக வந்தால் ஆய்வு தோற்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். தமிழில் அந்த எண்ணை வெளிப்படையாக முன்வைக்கும் ஆய்வு, இன்னொரு சராசரி அட்டவணையைவிட ஆசிரியப் பயிற்சிக்குப் பல மடங்கு உதவும். இருநூறு பேர் கட்டாயமும் இல்லை. மைதானத்தில் நாற்பது பேரைச் சரியாக அளப்பது, மண்டபத்தில் இருநூறு பேரிடம் தாள் கொடுத்து வாங்குவதைவிட மேலானது என்பேன். எண்ணிக்கை குறைவதால் முடிவின் நிச்சயமின்மை கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

பிள்ளைகளை வீடியோ எடுப்பதற்கு அதிபரின் அனுமதியும், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும், பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஊர்ப்பேச்சில் வாசித்துக் காட்டுங்கள். கையொப்பம் வாங்குவது மட்டும் சம்மதமாகாது. பங்கெடுக்கும் பல்கலைக்கழக மாணவருக்கு இந்தப் புள்ளி அவர்களுடைய கற்பித்தற் பயிற்சிப் பெறுபேற்றில் சேராது என்பதை விரிவுரையாளரின் வாயாலேயே சொல்ல வையுங்கள். சேரும் என்ற ஐயம் இருந்தால் எல்லோரும் நடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய வீடியோவையும் அவருடைய எண்களையும் தனியே காட்டுங்கள். பயிற்சியில் மாணவரை மாற்றியது எங்கள் அறிவுரையைவிட, தாம் பேசுவதைத் தாமே பார்த்த அந்தச் சில நிமிடங்கள்தான் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

காலத்தையும் பார்த்து ஒழுங்குபடுத்துங்கள், தங்கச்சி. முதலாம் தவணையில் வழமையாக இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும். அப்போது உடற்கல்வி ஆசிரியரையும் பிள்ளைகளையும் பிடிக்க முடியாது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை மழை. தாழ்ந்த மைதானங்களில் தண்ணீர் நிற்கும். இரண்டாம் தவணையே வசதி. அது சோளகக் காலம் என்பதால், மாணவர் எங்கே நிற்கிறார் என்பதும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். எல்லா மாணவரையும் காலையில் அளங்கள், அல்லது எல்லோரையும் மாலையில் அளங்கள். பாதியைக் காலையிலும் பாதியை மாலையிலும் வைத்தால், காற்றையும் வெயிலையும் அளந்துவிட்டு அதைத் திறன் என்று எழுதிவிடுவீர்கள். விதி மாற்றிய தாள்களை ஆயத்தம் செய்ததும் முதலில் இரண்டு மாணவரையும் ஒரு வகுப்பையும் வைத்து ஓட்டிப் பார்த்து, ஆறு நிமிடம் போதுமா என்பதை எனக்கு எழுதுங்கள். அவதானிப்புத் தாளின் வரைபையும் அப்போது சேர்த்து அனுப்பினால், அதில் எந்தக் கட்டங்களை வெட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.